முடித்துக் கொடுத்த வேலை எது?

இளங்கலை முடித்தபின் நான் சென்ற முதல் நேர்காணலுக்கு மூன்று சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி எடுத்துச் சென்றிருந்தேன். மூன்றுமே கல்லூரிக் காலத்தில் செய்த பயிற்சிப் பணிகளுக்கானவை. ஒன்றில் பொன்னிற முத்திரைகூட இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தவர் அவற்றைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, உறையை மூடி என் பக்கமே தள்ளி வைத்தார். "இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் நீங்கள் முடித்துக் கொடுத்த வேலை எது? அது இப்போது யாருக்குப் பயன்படுகிறது?" என்று கேட்டார். சமூகவியல் படித்தவள் நான். குடும்ப அமைப்பு பற்றியோ இடப்பெயர்வு பற்றியோ அரை மணி நேரம் பேசச் சொல்லியிருந்தால் தயங்காமல் பேசியிருப்பேன். இந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

அந்தச் சான்றிதழ்களின் கதை சுருக்கமானது. முதல் இடத்தில் இரண்டு மாதங்கள் கோப்புகளை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கினேன். அவை எதற்கான கோப்புகள், யாருக்குத் தேவைப்படுகின்றன என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு கருத்தரங்கின் வரவேற்பு மேசையில் மூன்று நாட்கள் அமர்ந்து பெயர் அட்டை கொடுத்தேன். சான்றிதழில் அது 'ஆய்வு உதவி' ஆகியிருந்தது. மூன்றாவது, இணையவழிப் பயிற்சி. காணொளிகளை ஓடவிட்டு முடித்ததும் சான்றிதழ் தானாக மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அந்த இடங்களின் மீது எனக்கு வருத்தம் உண்டுதான். ஆனால் நான் போனதே அந்தத் தாளுக்காகத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது.

கலைப் பாடங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் வேலை அனுபவம் ஒட்டாது என்றொரு எண்ணம் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் இருக்கிறது. படிப்பையும் பணியையும் மாற்றி மாற்றிச் செய்யும் கூட்டுக் கல்வி முறையை அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் தொடங்கியபோது அது பொறியியல் மாணவர்களுக்கானதாகத்தான் இருந்தது. ஆனால் 1921-இலேயே ஆன்டியோக் கல்லூரி அதைக் கலைப் படிப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆக, நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன விவாதத்தை நாம் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம். வேறுபாடு ஓரிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பொறியியல் மாணவர் செய்த இயந்திரம் ஓடவில்லையென்றால் அது அந்த நொடியே தெரிந்துவிடும். நாம் எழுதிய கட்டுரை ஓடவில்லை என்பது மதிப்பெண் வந்த பிறகும் தெரிவதில்லை, ஏனென்றால் அதைக் கையில் எடுத்து ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தப் பார்த்தவர் எவருமில்லை.

அந்த நேர்காணலில் வேலை கிடைக்கவில்லை. முதுகலை சேர்ந்த ஆண்டில், ஒரு சிறிய ஆய்வுக் குழு நடத்திய குடும்பக் கணக்கெடுப்பில் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தேன். குழுவை நடத்தியவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா. முதல் நாளே வினாப்படிவத்தின் ஒரு பகுதியை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். ஆய்வு முறையியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த தைரியத்தில் ஒரே மாலையில் பதினெட்டுக் கேள்விகளை எழுதிவிட்டேன். மறுநாள் அக்கா அதைப் படித்தார், எதுவும் சொல்லவில்லை. "பத்து வீட்டுல கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வீட்டில் வயதான ஓர் அம்மா வாசலில் அமர்ந்திருந்தார். 'உங்கள் பகுதியில் குடிநீர் வசதியும் மருத்துவ வசதியும் போதுமான அளவில் உள்ளனவா?' என்ற என் ஏழாவது கேள்வியைப் படித்தேன். கேட்டுவிட்டுப் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என்னையே சிறிது நேரம் பார்த்தார். "ஏம்மா, தண்ணி வருது. ஆஸ்பத்திரிதான் இல்ல. இப்ப நான் ஆமான்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?" என்றார். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகளை வைக்கக் கூடாது என்பது எங்கள் பாடநூலில் இருந்தது. தேர்வில் அதற்கு எடுத்துக்காட்டும் எழுதியிருக்கிறேன். இருந்தும் என் கை அதைச் செய்தது. பத்து வீடுகள் முடிந்தபோது பதினெட்டுக் கேள்விகளில் ஆறு நிற்கவில்லை. ஒன்றில் 'அடிக்கடி' என்ற சொல்லை ஒருவர் வாரம் ஒருமுறை என்றும் இன்னொருவர் ஆண்டுக்கு மூன்று முறை என்றும் எடுத்துக்கொண்டார். இன்னொன்று, பக்கத்து வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கும்போது எவரும் உண்மை சொல்ல முடியாத கேள்வி.

முன்சோதனை என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. எந்தப் படிவத்தையும், அது துறையின் மாணவர் கருத்துக் கணிப்பாக இருந்தாலும், பத்துப் பேரிடம் நேருக்கு நேர் கேட்டுப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. அனுப்பினால் திரும்பி வருபவை பதில்களாக இருக்காது. கைபேசியிலேயே, இணைய இணைப்பு இல்லாத இடத்திலும், படிவம் நிரப்ப உதவும் கோபோடூல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருட்கள் இப்போது இருக்கின்றன. அவற்றைப் பழகிக்கொள்ள இரண்டு நாட்கள் போதும். கேள்வியை அவை திருத்தித் தரமாட்டா.

அடுத்து எனக்கு வந்த வேலை, ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும் என்பது இந்த வேலை செய்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. என்னுடைய முதல் பதிவு 52 நிமிடங்கள். எனக்கு இரண்டு முழு நாட்கள் ஆயின. பேச்சில் இருந்த திணறல்களையும் திரும்பத் திரும்ப வந்த சொற்களையும் நீக்கி, வாக்கியங்களைச் சீர்ப்படுத்தி, அழகான உரைநடையாக்கிக் கொடுத்தேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். அக்கா பதிவை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். வேலை செய்த இடத்தில் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று நேர்காணல் எடுத்தவர் கேட்கிறார். பேசிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிடுகிறார். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கிறது. நாற்காலி ஒருமுறை நகர்கிறது. அதன் பிறகு "இல்ல" என்கிறார். என் தாளில் வெறும் 'இல்லை' இருந்தது. "இந்த ஏழு செகண்டை எங்க விட்ட?" என்று கேட்டார் அக்கா. அந்தப் பதிவு முழுவதையும் மீண்டும் எழுதினேன். இடைநிறுத்தங்களை அடைப்புக்குள் நொடிக் கணக்கோடு குறித்தேன். 'இல்லை'யை 'இல்ல' என்றே விட்டேன்.

இதே வேலையில் இன்னொன்றும் கற்றேன். பதிவு முடிந்து மூன்று வாரங்கள் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தான் சொன்ன ஒரு பகுதியை நீக்கிவிட முடியுமா என்று கேட்டார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரி அதே படிவத்தில்தான் இருந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டியதே நான். மனிதர்களைக் கொண்டு செய்யப்படும் ஆய்வில் பங்கேற்பவரின் விருப்பத்துக்கு மதிப்பளிப்பதை முதல் நெறியாக வைத்த பெல்மாண்ட் அறிக்கை 1979-இல் வந்தது. தேர்வுக்காக ஆண்டைப் பாடம் செய்திருந்தேன். பகுதியை நீக்கி, எந்தெந்தப் பிரதிகளில் அது இருந்தது என்று தேடி, மூன்று கணினிகளிலிருந்தும் ஒரு பென் டிரைவிலிருந்தும் அழித்து முடிக்க ஒரு நாள் போனது. அன்றிலிருந்து எந்தப் பதிவுக்கும் எத்தனை பிரதிகள் எங்கெங்கே உள்ளன என்று ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எக்செலுக்கு வருகிறேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதப்போகிறேன், ஏனென்றால் கணக்குக்குப் பயந்து கலைப் பிரிவுக்கு வந்தேன் என்று சொல்லும் மாணவர்கள் தடுக்கி விழுவதும், பழகிவிட்டால் மற்றவர்களைவிட மேலாகச் செய்வதும் இங்கேதான்.

இருநூறு படிவங்களை அட்டவணையில் ஏற்றும் வேலை எனக்கும் இன்னும் மூவருக்கும் வந்தது. வயதுப் பத்தியில் '35' என்றும் '35 வயது' என்றும் 'முப்பத்தைந்து' என்றும் '35 இருக்கும்' என்றும் நாங்கள் நால்வரும் நான்கு விதமாக ஏற்றியிருந்தோம். தொழில் பத்தியில் 'கூலி', 'கூலி வேலை', 'கூலிவேலை', 'தினக்கூலி' என்று ஒரே தொழில் பல முகங்களோடு நின்றது. கணினிக்கு இவை அனைத்தும் தனித்தனித் தொழில்கள். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் இப்படி நெருங்கிய எழுத்துக்கூட்டல்களைக் கொத்துக் கொத்தாகக் காட்டும். ஆனால் தினக்கூலியும் கூலியும் ஒன்றா என்று அது முடிவு செய்யாது. அந்த முடிவை எடுக்க அந்த வீட்டு வாசலில் நின்றவர் வேண்டும், எடுத்த முடிவை ஒரு தனித் தாளில் எழுதியும் வைக்க வேண்டும். சமூகவியல் படித்ததன் பயன் எனக்குக் கையில் தட்டுப்பட்ட முதல் தருணம் அது என்று சொல்லலாம்.

பெரிய தவறு அதற்குப் பிறகு நேர்ந்தது. கடந்த மாதத்தில் எத்தனை நாட்கள் வேலை கிடைத்தது என்ற கேள்விக்கு 50 பேர் பதில் சொல்லியிருக்கவில்லை. பத்தியில் ஓட்டை ஓட்டையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த 50 கட்டங்களிலும் 0 என்று நிரப்பிவிட்டேன். பதில் சொன்ன 150 பேரின் சராசரி 20 நாட்கள். எக்செலின் சராசரிச் சூத்திரம் வெற்றுக் கட்டங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, பூச்சியத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே 200 பேருக்கும் சேர்த்துச் சராசரி 15 நாட்களாக இறங்கிவிட்டது. ஒரு குடியிருப்பில் உள்ளவர்களின் மாதத்திலிருந்து ஐந்து வேலை நாட்களை நான் பிடுங்கிவிட்டேன். 'பதில் இல்லை' என்பதும் 'வேலை இல்லை' என்பதும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொள்ள எவருக்கும் கணிதப் பட்டம் தேவையில்லை. அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முந்தைய வாரத்தில், குழுவிலிருந்த இன்னொருவர் தற்செயலாகப் படிவங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது வெளியில் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய இடங்களிலும் இதுதான் நிலை என்பது ஓர் அற்ப ஆறுதல். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கொரோனா தொற்று எண்ணிக்கையிலிருந்து 15,841 பேர் விடுபட்டுப் போனது வெளியானது. எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அந்த எல்லைக்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. புதிய வடிவத்தில் 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. ஒரு கோப்பை ஏற்றும் முன்பும் ஏற்றிய பின்பும் வரிசைகளை எண்ணிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதை நான் இன்றுவரை விடவில்லை.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிஎஸ்வி கோப்பை, அதாவது அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமித்த கோப்பை, எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் பலமுறை புரியாத குறிகளாகத் தெரியும். பெரும்பாலும் கோப்பு கெட்டுப்போயிருக்காது. எக்செலில் முதலில் சேமிக்கும்போதே 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வராது. இலக்கியம் படித்த என் வகுப்புத் தோழர் ஒருவரின் முதல் வேலையே, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றி, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தவற்றைப் பிழை பார்ப்பதுதான். கணினி தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் நிறைய இருந்தார்கள். ஒரு சொல் தவறாக நிற்கிறது என்பது அவர் ஒருவர் கண்ணில்தான் பட்டது.

வரலாறு படித்த தோழி ஒருத்தியின் பாதை வேறு. ஒரு சிறிய அறக்கட்டளையின் அலமாரியில் கிடந்த பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் பட்டியலிட்டுத் தருகிறேன் என்று அவளே போய்க் கேட்டாள். ஆவணங்களை விவரிப்பதற்கென்று பன்னாட்டு ஆவணக் காப்பக அவை வகுத்த பொதுத் தரத்தில் 26 கூறுகள் உண்டு. அவற்றில் குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரிப்பின் நிலை ஆகிய ஆறும் இன்றியமையாதவை. அந்த ஆறு பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறையில் அலமாரி முழுவதையும் பட்டியலிட்டாள். அவளுக்குச் சான்றிதழ் எதுவும் தரப்படவில்லை. அடுத்த ஆண்டு ஓர் ஆய்வாளர் அந்தப் பட்டியலைக் கொண்டு தனக்கு வேண்டிய குறிப்பேட்டைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார் என்ற செய்தி அவளுக்கு வந்தது. தன் தேதிப் பத்தியில் இரண்டு இடங்களில் தவறு இருந்ததும் அதே கடிதத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டையும் அவள் எல்லா நேர்காணல்களிலும் சொல்வாள்.

எழுதுவது நமக்குக் கைவந்த கலை என்று நினைத்திருந்தேன். கணக்கெடுப்பின் முடிவுகளை நாற்பது பக்கங்களில் எழுதிக் கொடுத்தேன்: முன்னுரை, கோட்பாட்டுப் பின்னணி, முறையியல், பகுப்பாய்வு, முடிவுரை. அதைப் பயன்படுத்த வேண்டிய அலுவலர் எங்கள் முன்னிலையில் முதல் பத்தியைப் படித்தார், நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார், பிறகு நிமிர்ந்து, "இதை வெச்சுக்கிட்டு நான் திங்கட்கிழமை என்ன செய்யணும்?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே திங்கட்கிழமை ஒரு கூட்டம் இருந்தது. கல்லூரியில் நாம் முடிவை நோக்கி மெல்ல நடந்து போகப் பழகியிருக்கிறோம், ஆசிரியர் கடைசி வரை படித்தாக வேண்டியவர் என்பதால். பணியிடத்தில் படிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த நாற்பது பக்கங்களை இரண்டு பக்கங்களாக்க எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. நாற்பதை எழுதியதைவிட அது கடினமாக இருந்தது. என்ன கண்டோம் என்பது முதல் வரி. அதை எவ்வளவு நம்பலாம் என்பது இரண்டாவது. என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. மற்ற அனைத்தும் இணைப்பாகப் பின்னால் போயிற்று. மாணவர்கள் ஒவ்வொரு பருவக் கட்டுரையையும் எழுதி முடித்தபின், அதே விஷயத்தை அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவருக்கான ஒரு பக்கக் குறிப்பாக மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று ஆண்டுகளில் அப்படி ஒரு டஜன் குறிப்புகள் சேர்ந்துவிடும். அவற்றில் தேறும் இரண்டைக் காட்ட எவர் முன்னாலும் கூசத் தேவையில்லை.

எனக்கு முதல் நிரந்தர வேலை கிடைத்த விதமும் சொல்லத் தக்கது. கணக்கெடுப்பின்போது இரண்டே நாட்கள் எங்களோடு களத்துக்கு வந்த ஒருவர், எட்டு மாதங்கள் கழித்து, தங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் செய்தி அனுப்பினார். அவருடைய முகம்கூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்கள் 54 பேரை எடுத்துக்கொண்டு, வேலை சொன்னவரை அந்தக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தார்கள் என்று பார்த்தார். அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 விழுக்காடு, எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6, அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி தூரத்து அறிமுகத்திலிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். 54 பேர் சிறிய எண்ணிக்கைதான், வகுப்பில் நாங்கள் அதைக் குறையாகச் சொல்லியும் இருக்கிறோம். என்றாலும் என் வாழ்க்கையில் அது நடந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறிமுகம் எப்படி உண்டாயிற்று என்று யோசித்தால், நான் அவரிடம் வேலை கேட்டதே இல்லை. அவருடைய களக்குறிப்புகளை என் குறிப்புகளோடு சேர்த்துத் தட்டச்சு செய்து மூன்றாம் நாள் அனுப்பிவைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது சில ஆண்டுகளாக நானும் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்கிறேன். வரும் தன்விவரக் குறிப்புகளில் பெரும்பாலானவை 'சிறந்த தகவல் தொடர்புத் திறனும் குழுவாகப் பணியாற்றும் திறனும் உடையவர்' என்று தொடங்குகின்றன. என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது. பிற்பாடு நான் அந்த வரியை அடித்துவிட்டு, '200 குடும்பங்களிடம் நடத்திய கணக்கெடுப்புக்கான வினாப்படிவத்தைப் பத்து வீடுகளில் முன்சோதனை செய்து 6 கேள்விகளைத் திருத்தினேன். பதில்களைத் தொகுத்துச் சீராக்கிய அட்டவணையை ஆய்வுக் குழு தன் அறிக்கைக்குப் பயன்படுத்தியது' என்று எழுதினேன். திறன் என்ற சொல்லே அதில் இல்லை. நேர்காணலில் சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் பதில் சொல்லும்படி பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பதற்றத்தில் பேச்சு சிதறாமலிருக்க அது உதவுகிறது. ஆனால் விளைவைச் சொல்லி முடித்ததும் நான் கேட்கும் அடுத்த கேள்வி, அதில் என்ன தவறு நடந்தது என்பதுதான். எதுவும் நடக்கவில்லை என்பவர் ஒன்று வேலையைச் செய்திருக்க மாட்டார், அல்லது அதை எவரும் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். பூச்சியம் நிரப்பிய கதையை நானே இரண்டு நேர்காணல்களில் சொல்லியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில் வேலை கிடைத்தது, மற்றொன்றில் கிடைக்கவில்லை.

சம்பளமில்லாப் பயிற்சிப் பணி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மாதக்கணக்கில் முழுநேர வேலையை இலவசமாக வாங்கிக்கொள்வது சுரண்டல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டுமே அதைத் தாங்க முடியும் என்பதால் அது மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வேறு வழியில்லாமல் சேர்வதானாலும், சேரும் முன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது: என் வேலையைப் படித்துத் திருத்தப்போகிறவர் யார், முடியும்போது என் கையால் முடித்துக் கொடுத்ததாக எது இருக்கும், அதை வெளியில் காட்ட எனக்கு அனுமதி உண்டா. முதல் கேள்விக்குப் பெயர் வரவில்லையென்றால் போக வேண்டாம் என்பதே என் முடிவு. ஜெராக்ஸ் எடுத்த அந்த இரண்டு மாதங்களில் எனக்கு அப்படி ஒருவர் இருந்ததில்லை.

எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாள் நான் கொடுப்பது என்னுடைய அந்தப் பழைய வினாப்படிவத்தின் முதல் வடிவத்தைத்தான். அதில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஏழாவது கேள்வியை எல்லோரும் பிடித்துவிடுவார்கள். 'அடிக்கடி'யைப் பாதிப் பேர் பிடிப்பார்கள். ஆறு தவறுகளின் பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கும், மாலையில் எடுத்து ஒப்பிடுவோம். சென்ற முறை வந்த அரசியல் அறிவியல் மாணவி ஆறையும் எழுதிவிட்டு, திருத்தம் எதுவும் தேவையில்லை என்று நான் விட்டுவைத்திருந்த இரண்டாவது கேள்வியின் மேல் விரலை வைத்தாள். எத்தனை ஆண்டுகளாக இங்கே குடியிருக்கிறீர்கள் என்ற கேள்வி அது. 0–5, 5–10, 10–20 என்று கட்டங்கள்.

"அக்கா, சரியா அஞ்சு வருஷமா இருக்கறவங்க எந்தக் கட்டத்துல வருவாங்க?" என்றாள்.

இத்தனை ஆண்டுகளாக அந்தத் தாளை எத்தனை பேரிடம் கொடுத்திருப்பேன் என்று தெரியவில்லை. அதன் திருத்திய வடிவத்திலும் அந்தக் கட்டங்கள் அப்படியேதான் இருந்தன, 200 வீடுகளுக்கும் அப்படியேதான் போயின. பதில்களைக் கணினியில் ஏற்றியபோது சில படிவங்களில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டிலுமே டிக் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. கவனமில்லாமல் நிரப்பியிருக்கிறார்கள் என்று எண்ணி, முதல் டிக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நான் அடுத்த படிவத்துக்குப் போயிருந்தேன்.